இரும்புக்கை மாயாவியும் தொலைந்துபோன றங்குப்பெட்டிகளும்

சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தையொட்டி நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குச் சென்று வந்தவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். சித்திரக்கதைப் புத்தகங்கள் விற்கப்படும் கடையில் சிறுவர்களைவிட நரைத்த தலையினரே கூடுதலாக நிற்பர். பிள்ளைகளுக்காகவோ பேரப்பிள்ளைகளுக்காகவோ வந்தவர்கள் அல்லர் அவர்கள். தாம் பத்து வயதில் படித்த 'இரும்புக்கை மாயாவி'யின் மறுபதிப்பைத் தமக்காகவே தேடி வந்தவர்கள். கதை அவர்களுக்கு மனப்பாடம், முடிவும் தெரியும். இருந்தும் விலைகொடுத்து வாங்கி, வீடு சென்று சேரும் முன்பே பஸ்ஸில் வைத்துப் பிரித்துவிடுகின்றனர்.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. சுப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இதழ் 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 10 சதத்துக்கு விற்கப்பட்டது. அதன் ஒரு பிரதி 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. இன்று உலகெங்கும் திரையிடப்படும் பெரும் பொருட்செலவிலான ஆங்கிலத் திரைப்படங்கள் பலவற்றின் நாயகர்கள், நமது பாட்டன்மார் காலத்துச் சித்திரக்கதைகளில் பிறந்தவர்களே.

இந்த ஈர்ப்புக்குக் காரணம் என்ன? முதிர்ந்தவர்களின் சிறுபிள்ளைத்தனம் என எள்ளி நகையாடுவோர் உளர். பழைய சரக்கைப் புதிய விலைக்கு விற்கும் வியாபாரத் தந்திரம் என்போரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் இதே கேள்வியை முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்காலில் நின்று கேட்போமாயின் விடை வேறாகிவிடுகிறது. சென்னை வாசகர் ஒருவர் பழைய புத்தகத்தைத் தேடும்போது, அதனைப் படித்த வீடும் தெருவும் அநேகமாக இன்னும் இருக்கின்றன. வன்னியில் பிறந்த ஒருவர் தேடும்போது புத்தகமும் இல்லை. அதனை வைத்திருந்த றங்குப்பெட்டியும் இல்லை. பெட்டி இருந்த வீடும் பல சமயங்களில் இல்லை.

மாயாவி வந்த வழி

இரும்புக்கை மாயாவி தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். 1962 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில் கென் பல்மரின் எழுத்திலும், ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையிலும் தோன்றிய பாத்திரம் அது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 இல் தனது முதல் இதழாக அதனை வெளியிட்டபோது, அந்த ஆங்கிலேய நாயகன் தமிழ்ப் பெயர் பெற்றுத் தமிழ்ச் சிறுவர்களின் சொந்தக்காரனானான். 1984 இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் களமிறங்கின. அமெரிக்கரான லீ பாக் 1930களில் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கும் முகமூடி வீரரும், இங்கிலாந்தின் ஸ்பைடரும் தமிழ் பேசினர். ராணி காமிக்ஸ் 2005 இல் நின்றுபோயிற்று. தளர்ந்திருந்த லயன், முத்து காமிக்ஸ்கள் 2012 இல் புத்துயிர் பெற்று வெளிவரத் தொடங்கின. அந்த மீட்சிக்குத் தோள்கொடுத்தவர்கள் பழைய வாசகர்களே.

மாயாவியின் கதையை அறியாத இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். லூயி கிராண்டேல் என்ற ஆய்வுகூட உதவியாளர் விபத்தொன்றில் தனது வலது கையை இழக்கிறார். அதற்குப் பதிலாக உருக்கினாலான செயற்கைக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த மற்றொரு விபத்தின்போது மின்சாரம் பாய்ந்து அவரது உடல் கண்ணுக்குப் புலப்படாமற் போகிறது. இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. தொடக்கத்தில் அந்த ஆற்றலைத் தீய வழியில் பயன்படுத்தும் கிராண்டேல், பிற்காலத்தில் இரகசியப் படையொன்றில் சேர்ந்து நன்மையின் பக்கம் நிற்கிறார்.

ஏக்கம் எதனை நோக்கியது?

கடந்தகாலத்தின் மீதான ஏக்கத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'நொஸ்டால்ஜியா' என்ற சொல்லின் பிறப்பு நமது கவனத்துக்குரியது. 1688 இல் யொஹான்னஸ் ஹோபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதனை ஆக்கினார். ஊரைவிட்டுப் பிரிந்து அந்நிய மண்ணில் வாழ்ந்தோர் ஊண் உறக்கமின்றி வாடிய நிலைக்கு அவர் இட்ட நோய்ப் பெயர் அது. ஆக, அந்தச் சொல் முதலில் குறித்தது இழந்த காலத்தையன்று. இழந்த ஊரையே குறித்தது. இடம்பெயர்ந்தோரின் நோயாகவே அது அறியப்பட்டது.

பழைய சித்திரக்கதையை மீண்டும் படிப்பவர் உண்மையில் மாயாவியைத் தேடுவதில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்த திண்ணையை, அதைப் பறித்துக்கொண்டு ஓடிய தம்பியை, பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்த தகப்பனாரைத் தேடுகிறார். மலிவுத் தாளின் மணமும் தெளிவற்ற அச்சும் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. எனவேதான் அதே கதையைப் பளபளப்பான தாளில் வண்ணத்தில் வெளியிட்டாலும், பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிக்கு அவர் கூடுதல் விலை தரச் சித்தமாயிருக்கிறார்.

வன்னிக்கு வந்தவையும் போனவையும்

இலங்கையில் இந்தப் புத்தகங்கள் எப்போதும் தாராளமாகக் கிடைத்ததில்லை. 1970 முதல் 1977 வரையான காலத்தில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அக்காலத்தில் ஈழத்துத் தமிழ் நூல் வெளியீடு தழைத்ததை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நன்மையாகவே குறிப்பிடுவர். சிங்களத்தில் சித்திரக்கதைப் பத்திரிகைகள் பெருகியதும் அந்தத் தசாப்தத்திலேயாகும். 1977 க்குப் பின்னர் திறந்த பொருளாதாரத்துடன் இந்தியப் புத்தகங்கள் மீண்டும் வந்தன. யாழ்ப்பாண நகரக் கடைகளில் தொங்கிய முத்து காமிக்ஸ், அங்கு படிக்கச் சென்ற அண்ணன்மாரின் பைகளிலும், சரக்கு ஏற்றிவந்த லொறிகளிலும் முல்லைத்தீவை அடைந்தது.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் ஒரு புத்தகத்தைக் குறைந்தது இருபது பேர் படித்தோம். அட்டை கிழிந்தால் மாப்பசை தடவி, பழைய பத்திரிகைத் தாளால் உறைபோடுவோம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் பிள்ளைகளும் முள்ளியவளைத் தமிழ்ப் பிள்ளைகளும் புத்தகம் மாற்றிக்கொள்வதில் பெரிய ஒழுங்கு ஒன்றைக் கடைப்பிடித்தோம். ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்கவேண்டும். நோன்புக் காலத்தில் மட்டும் கடன் சொல்லலாம். பகலில் பசி மறக்கப் படிப்பதற்குப் புத்தகம் வேண்டுமென்று அவர்கள் சொல்வதை நாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தோம்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணைவிட்டு வெறுங்கையுடன் சென்றனர். யாழ்ப்பாண நகரில் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம் மாத்திரமே. முல்லைத்தீவு முஸ்லிம்களும் அவ்வாறே போக நேர்ந்தது. பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினர். அன்று அதனைத் தடுக்க இயலாதவர்களாக நாம் இருந்தோம் என்பதைவிட, நம்மில் பலர் வாய்திறக்கவில்லை என்பதே இன்றும் உறுத்துவதாகும்.

போர்நிறுத்த காலத்தில் புத்தளம் சென்றிருந்தபோது அக்கால நண்பர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரான சந்திப்பு. வீடு, காணி, கடை அனைத்தையும் இழந்த அவர் முதலில் சொன்னது இதுதான்: "மச்சான், உன்ர மாயாவி புத்தகம் ஒண்டு என்னட்ட இருந்தது. எடுத்துக்கொண்டு வரேல்லையடா." இழந்தவர் அவர், கடன்பட்டவர்கள் நாங்கள். இருந்தும் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசியவர் அவரே. அவருக்கு என்ன மறுமொழி கூறுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் விட்டுச்சென்ற வன்னியிலும் புத்தகங்கள் நெடுநாள் தங்கவில்லை. 1990 முதலான பொருளாதாரத் தடையின் காரணமாகப் பற்றரியும் எரிபொருளும் அரிதாகின. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். யாழ்ப்பாணத்தில் நாளிதழ் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. வெளியிலிருந்து சித்திரக்கதைகள் வருவது அநேகமாக நின்றுபோனது. இருந்த பழையவையே மேலும் இருபது பேரின் கைகளுக்கு மாறின.

பின்னர் 2008, 2009 ஆம் ஆண்டுகள். கிளிநொச்சி, விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, புதுமாத்தளன் என்று ஒவ்வோர் இடப்பெயர்விலும் மக்கள் எதையெதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. முதலில் தளபாடங்கள், அடுத்து பாத்திரங்கள், பின்னர் பெட்டிகள். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணலை அடைந்தபோது பலரிடம் அடையாள அட்டையும் பிள்ளைகளுமே எஞ்சியிருந்தன. பிள்ளைகளையும் அங்கு இழந்தோர் பலர். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின் அம்மணலில் சிதறிக்கிடந்த உடைகள், புகைப்படத் தொகுப்புகள், பாடசாலைக் கொப்பிகள், துவிச்சக்கர வண்டிகளை உலகம் படங்களில் கண்டது. ஒரு சமூகத்தின் றங்குப்பெட்டிகள் அனைத்தும் ஒரே இடத்தில் திறந்து கிடந்தன.

நாயகர்களின் முதற்பக்கம்

அதிசய ஆற்றல் கொண்ட நாயகர்களின் கதைகளை ஊன்றிப் பார்ப்போர் ஓர் ஒற்றுமையைக் காண்பர். அவர்களுள் மிகப் பிரபலமானவர்களின் கதை ஏதோவோர் இழப்பில்தான் தொடங்குகிறது. சுப்பர்மேன், அழிந்துகொண்டிருக்கும் கிரகமொன்றிலிருந்து பெற்றோரால் தனியே அனுப்பிவைக்கப்பட்ட குழந்தை; இன்றைய மொழியிற் சொன்னால் ஓர் அகதி. அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பற்மேனின் பெற்றோர் அவன் கண்முன்னே சுடப்பட்டவர்கள். ஸ்பைடர்மேன் தாய் தந்தையற்றவன். நமது மாயாவி கை இழந்தவர். இழப்பு ஒருவனை அழிக்காமல் ஆற்றலாக மாறக்கூடும் என்ற ஆறுதலே இக்கதைகளின் அடித்தளம் எனலாம். பத்து வயதில் அதனை நாம் கவனிப்பதில்லை. ஐம்பது வயதில், இழப்புகள் சிலவற்றைக் கண்டபின், அந்த முதற்பக்கமே நம்மை நிறுத்திவைக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ 1962 இல் சுப்பர்மேனைப் பற்றி எழுதிய கட்டுரையில் இரண்டு விடயங்களைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, அந்த உலகில் காலம் உண்மையில் நகர்வதில்லை. ஒவ்வொரு கதையும் முன்னையது நிகழாததுபோலப் புதிதாகத் தொடங்குகிறது, நாயகன் முதுமையடைவதில்லை. இரண்டு, உலகையே மாற்றவல்ல ஒருவன் தன் ஊரின் கொள்ளைக்காரர்களைப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறான். வறுமைக்கும் அநீதிக்கும் காரணமான அமைப்பை அவன் தொடுவதேயில்லை.

நமக்கு இது வெறும் இலக்கிய விமர்சனமன்று. யாரோ ஒருவர் வந்து காப்பாற்றுவார் என்ற எதிர்பார்ப்பு, 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னிக் கடற்கரையில் சிக்குண்டிருந்த மக்களிடம் இறுதிவரை இருந்தது. உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்பினர். ஒருவரும் பறந்துவரவில்லை. அப்போது பிள்ளைகளைக் காத்தவர்கள் பதுங்குகுழி வெட்டிய தாய்மாரும், மருந்தின்றிச் சிகிச்சை அளித்த வைத்தியர்களும், கஞ்சி காய்ச்சி வரிசையில் நின்றோருக்கு ஊற்றியவர்களுமே. அபூர்வ சக்தி ஏதுமற்ற மனிதர்கள் அவர்கள். நாயகனுக்காகக் காத்திருக்கும் பழக்கத்தைச் சித்திரக்கதையின் அட்டைக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது என்பதை இந்த மண் பெரும் விலைகொடுத்துக் கற்றது.

மாயாவியின் கதை இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் மனிதர் மறைந்து, செயற்கைக் கை மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். போருக்குப் பின் வன்னியில் கை கால் இழந்தோர் பலர் செயற்கை உறுப்புடன் வாழ்கின்றனர். உதவி வழங்க வருவோரும் படம் பிடிக்க வருவோரும் அந்த உறுப்பையே காண்கின்றனர். அதற்குப் பின்னாலுள்ள மனிதர், அவருடைய படிப்பு, அவருடைய கோபம், அவருடைய பகிடிகள் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. சித்திரக்கதையில் அது ஆற்றல். நம்மிடையே அது அவமதிப்பு.

வல்லமையற்றோரின் சித்திரக்கதை

சித்திரக்கதை என்ற வடிவம் அதிசய நாயகர்களுக்கு மட்டும் உரியதன்று. யூத இனப்படுகொலையில் தப்பிய தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் 'மவுஸ்' என்ற சித்திரக்கதையாக்கி 1992 இல் புலிட்சர் பரிசு பெற்றார். ஈரானில் கழிந்த தன் சிறுபராயத்தை மர்ஜான் சத்ராபி 'பெர்சிபொலிஸ்' என வரைந்தார். பலஸ்தீன மக்களின் வாழ்வை ஜோ சாக்கோ செய்தியாளராகச் சென்று சித்திரத்தில் பதிவுசெய்தார். அந்த வரிசையில் 'வன்னி' என்ற பெயரிலேயே ஒரு நூல் உண்டு. 2008 வரை வன்னியில் ஐக்கிய நாடுகள் பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலக் வரைந்து 2019 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல், ஆழிப்பேரலைக் காலம் முதல் போரின் இறுதி வரை ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சொல்கிறது. சாட்சியங்களை ஆதாரமாகக் கொண்ட அக்கதையில் எவரும் பறக்கவில்லை, எவரும் மறையவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

முஸ்லிம் வாசகர்களும் அறிந்திருக்கக்கூடிய முயற்சிகள் வேறு சில உண்டு. குவைத்தைச் சேர்ந்த உளவியலாளர் நாயிப் அல் முதவ்வா, அல்லாஹ்வின் 99 திருநாமங்கள் உணர்த்தும் பண்புகளிலிருந்து உந்துதல் பெற்று '99' என்ற சித்திரக்கதைத் தொடரை 2006 இல் தொடங்கினார். மார்க்க அறிஞர் சிலரின் ஆட்சேபத்துக்கும் அது உள்ளானது. அமெரிக்காவில் கமலா கான் என்ற பாகிஸ்தானிய வம்சாவளிச் சிறுமி நாயகியான தொடர் 2014 இல் வெளிவந்தது. தன்னைப் போன்ற ஒருவரைப் புத்தகத்தில் காணும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதையே இவை உணர்த்துகின்றன.

நமது மரபும் இதில் வறியதன்று. காட்டுயானையை அடக்கிய அரியாத்தையின் கதை வன்னியின் வாய்மொழியிலும் கூத்திலும் வாழ்ந்துவந்தது. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் கிஸ்ஸா, படைப்போர் என்ற வகைகளே உண்டு. 1960களில் தொடங்கிய 'சிரித்திரன்' வழியாக சி. சிவஞானசுந்தரம், சாதாரண ஈழத்து மனிதரையே கோட்டோவியப் பாத்திரங்களாக்கினார். இவற்றிலிருந்து ஒரு சித்திரக்கதைத் தொடரை நமது ஓவியர்கள் ஆக்குவது இயலாத காரியமன்று.

எதனைச் சேமிப்பது?

முள்ளிவாய்க்காலில் துயரத்தை நினைவுகூர ஒரு நாள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மே 18 இல் மக்கள் கூடுகின்றனர். உப்பிட்ட கஞ்சியைப் பகிர்கின்றனர். அது அவசியமானது, எவராலும் தடுக்கப்படலாகாதது. ஆனால் அதே மக்களுக்குப் போருக்கு முன்னர் ஒரு சாதாரண வாழ்வு இருந்தது. பிள்ளைகள் புத்தகத்துக்காகச் சண்டையிட்டனர். பாடசாலையில் ஒளித்துப் படித்து அடிவாங்கினர். மதம் பாராது மாற்றிக்கொண்டனர். அந்த மகிழ்ச்சியை நினைவுகூர நாளுமில்லை, பொருளுமில்லை. துயரம் மட்டுமே பதிவாகும் மக்கள், காலப்போக்கில் துயரத்தினாலேயே ஆனவர்களாகப் பிறர் கண்ணுக்குத் தோன்றத் தொடங்குவர். இரும்புக்கை மட்டும் தெரியும் நிலை அதுவே.

எனவே பழைய சித்திரக்கதையொன்றைத் தேடி அலையும் வன்னிக்காரரைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. தமக்கும் ஒரு சிறுபராயம் இருந்தது என்பதற்கான சான்றையே அவர் தேடுகிறார். 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்மியப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் பணிக்கு, வீடுகளில் எஞ்சியுள்ள சிறுவர் இதழ்களையும் கையெழுத்துச் சஞ்சிகைகளையும் வழங்க நாம் ஒவ்வொருவரும் முன்வரலாம். மீளக்குடியேறிய கிராமங்களின் வாசிகசாலைகளில், பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டுச் சித்திரக்கதைகளுக்கென ஒதுக்கலாம். தமிழ்ப் பிள்ளையும் மீண்டுவந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும் ஒரே தட்டிலிருந்து எடுத்து, ஒரே இடாப்பில் பெயரெழுதிச் செல்லட்டும்.

புத்தள நண்பருக்கு அன்று சொல்லாத மறுமொழியைப் பல ஆண்டுகளின் பின் சொன்னேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர் மூலம் அதே கதையின் மறுபதிப்பு இரண்டு பிரதிகள் எடுப்பித்து, ஒன்றை அவருக்கு அனுப்பினேன். கடன் என்னுடையது என்று முதற்பக்கத்தில் எழுதியிருந்தேன். இரண்டு நாளில் தொலைபேசி எடுத்தார். தானே படித்து முடித்துவிட்டதாகவும், இப்போது பேரன் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றும் சொன்னார்.